குதிரையேறும் முன் கேட்கவேண்டிய அனுமதி

அரிசோனா மாநிலத்தின் தலைநகரான பீனிக்ஸில் வசிக்கும் என் தங்கையின் மகன் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஓர் அழைப்பு விடுத்தான். வரும் ஒக்டோபரில் நான் அங்கு செல்லும்போது, எல்லோரும் பார்க்கும் கிராண்ட் கன்யனுக்குப் போகாமல், கன்யன் டி ஷே என்ற பாலைநிலப் பள்ளத்தாக்கில் இருவரும் ஒரு நாள் முழுவதும் குதிரைச் சவாரி செய்வோம் என்றான். பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டான். "நீங்கள்தானே மாமா, படிச்சுப் பாக்காமல் ஓரிடமும் போகாத ஆள்" என்பது அவன் சொன்ன காரணம்.

குதிரையுடனான எனது பரிச்சயம் மிகவும் சொற்பமானது. பாடசாலைச் சிறுவனாக இருந்த காலத்தில் குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்குச் சென்ற சுற்றுலாவில்தான் முதன்முதலில் குதிரைகளைக் கண்டேன். கடிவாளமோ இலாடமோ இல்லாமல், கல்வேலிகளுக்கும் பற்றைகளுக்கும் இடையே தம்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்த சிறிய குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, பின்னர் கைவிட்டுப்போனவற்றின் வழித்தோன்றல்கள் அவை என்று எங்கள் சரித்திர ஆசிரியர் சொன்னார். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் ஊரோடு ஊராகிவிட்டன என்று அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு குதிரையின் முதுகில் ஏறப்போகிறேன் என்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தத் தீவுதான்.

திட்டமிடத் தொடங்கிய முதல் நாளிலேயே ஒரு விடயம் தெளிவாகியது. அந்தப் பள்ளத்தாக்கின் அடிநிலத்துக்குள் வெளியார் எவரும் தம்பாட்டில் இறங்கமுடியாது. மேலே மலைவிளிம்பின் இரு புறமும் போடப்பட்டிருக்கும் பாதைகளில் காரில் சென்று எட்டிப்பார்க்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கீழே நடந்தோ, வாகனத்திலோ, குதிரையிலோ செல்வதானால் அந்த மண்ணுக்கு உரியவர்களான நவஹோ மக்களின் அனுமதி வேண்டும். அவர்களுள் ஒருவர் வழிகாட்டியாக உடன்வரவேண்டும். வழிகாட்டியின்றி வெளியார் நடந்து இறங்க நீண்டகாலம் விடப்பட்டிருந்த 'வெள்ளை வீடு' ஒற்றையடிப் பாதையும் 2020இல் மூடப்பட்டது.

இதை மருமகனிடம் சொன்னபோது அவனுக்குச் சினம் வந்துவிட்டது. "அது அரசாங்கத்தின்ரை பார்க் தானே மாமா? வரி கட்டுற எனக்கு அதுக்குள்ளை போறதுக்கு ஏன் இன்னொருத்தரிட்டை அனுமதி கேக்கவேணும்? அனுமதி கேட்டுக் கேட்டுச் சீவிச்சதெல்லாம் போதாதோ?" என்றான்.

அவனது கடைசி வாக்கியத்துக்கு என்னால் உடனே பதில் சொல்லமுடியவில்லை. போர்க்காலத்தில் சொந்த ஊரில் இருந்து வெளியே போவதற்கும் வெளியே இருந்து சொந்த ஊருக்குத் திரும்புவதற்கும் 'பாஸ்' என்ற ஒரு துண்டுக் காகிதத்துக்காக வரிசையில் நின்ற தலைமுறை எங்களுடையது. செய்தியாளன் என்ற அடையாள அட்டை சட்டைப்பையில் இருந்தும், வெயிலில் அரைநாள் நின்றுவிட்டு "நாளைக்கு வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவன் நான். அவனது தாயார் அவனை வயிற்றில் சுமந்தபடி அதே வரிசையில் நின்றவள். அனுமதி என்ற சொல்லே எங்கள் குடும்பத்தில் ஒரு காயம்.

ஆதலால் அவனுக்கு அவசரப்பட்டு மறுமொழி சொல்லாமல், அந்தப் பள்ளத்தாக்குக்குள் இதுவரை யார் யார் எவ்வாறு குதிரையில் நுழைந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். பயணத் திட்டமாகத் தொடங்கியது வரலாற்றுத் தேடலாக முடிந்தது. படித்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறைக்குள் ஓர் ஊர்

அரிசோனாவின் வடகிழக்கு மூலையில், நவஹோ மக்களின் தாயக எல்லைக்குள், ச்சின்லி என்ற சிற்றூரின் அருகே பள்ளத்தாக்கின் வாய் திறக்கிறது. 'நீர் வெளியேறும் இடம்' என்பது ச்சின்லி என்ற பெயரின் பொருள். அவ்வாயிலில் முப்பதடி உயரமே உள்ள செம்மணற்பாறைச் சுவர்கள் உள்ளே செல்லச் செல்ல உயர்ந்து, ஆயிரம் அடியை எட்டுகின்றன. பிரதான பள்ளத்தாக்கில் இருந்து வடகிழக்காகப் பிரியும் கிளைக்குக் கன்யன் டெல் மூர்த்தோ, அதாவது இறந்தோரின் பள்ளத்தாக்கு, என்று பெயர். 'டி ஷே' என்பது ஸ்பானியச் சொல் போலத் தோன்றினாலும் அவ்வாறன்று. 'பாறைக்குள்' என்று பொருள்படும் நவஹோ மொழிப் பெயரான 'செயி' ஸ்பானியரின் நாவில் சிதைந்து, ஆங்கிலேயரின் எழுத்தில் மேலும் சிதைந்து இந்த வடிவத்தைப் பெற்றது. அந்நியர் வாயில் ஊர்ப்பெயர்கள் படும் பாடு எங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்துவரும் இடம் இது. பாறைச் சுவர்களின் குடைவுகளில் கல்லாலும் மண்ணாலும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி வாழ்ந்த புவெப்ளோ மக்களின் முன்னோர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அவற்றைவிட்டு அகன்றனர். நீண்ட வறட்சியும் அதற்கு ஒரு காரணம் என்கின்றனர் ஆய்வாளர்கள். அவர்களின் வழித்தோன்றல்களான ஹோப்பி மக்கள் பிற்காலத்திலும் இங்கு வந்து பயிர்செய்தனர். அவர்களைத் தொடர்ந்து, தம்மை 'டினே', அதாவது மக்கள், என்று அழைத்துக்கொள்ளும் நவஹோக்கள் இதனைத் தம் இருப்பிடமாக்கினர். சோளமும் பூசணியும் விதைத்தார்கள், ஆடு வளர்த்தார்கள், பீச் மரத் தோப்புகளை உண்டாக்கினார்கள். அந்தப் பீச் மரங்களும் ஆடுகளும் குதிரைகளும் ஸ்பானியர் கடல்கடந்து கொண்டுவந்தவையே. மூன்றும் இந்த மண்ணில் வேரூன்றி டினேக்களின் உடைமையாகின.

குதிரையின் கதை இன்னும் விசித்திரமானது. குதிரையினம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது அங்கு அற்றுப்போயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியருடன் கப்பலேறித் திரும்பிவந்தது. 1680இல் நியூ மெக்சிக்கோவின் புவெப்ளோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரைத் துரத்தியபோதே குதிரைகள் பூர்வகுடிகளின் கைக்குப் பெருமளவில் வந்தன என்று நீண்டகாலம் எழுதப்பட்டுவந்தது. 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான விரிவான ஆய்வு, அக்கிளர்ச்சிக்குப் பல தசாப்தங்கள் முன்னரே, 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே, மேற்குப் பகுதிப் பூர்வகுடிகள் குதிரைகளை வளர்த்துவந்தனர் என்பதை எலும்புகளைக் கொண்டு நிறுவியது. அம்மக்களின் வாய்மொழி வரலாறு சொல்லிவந்ததற்கு இது நெருக்கமானது. எழுதியவனின் ஆவணத்தை மட்டும் நம்பிய வரலாறு திருத்தப்பட்ட சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

அனுமதி கேளாமல் வந்தவர்கள்

கன்யன் டெல் மூர்த்தோவின் பாறைச் சுவர் ஒன்றில் நவஹோ ஓவியர் தீட்டிய குதிரைவீரர் வரிசை இன்றும் காணக்கிடைக்கிறது. அகன்ற விளிம்புத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்தவர்கள், கையில் துப்பாக்கி ஏந்தியவர்கள், ஓர் அங்கியில் சிலுவைக் குறி. 1805 ஜனவரியில் லெப்ரினன்ட் அந்தோனியோ நார்போனாவின் தலைமையில் நுழைந்த ஸ்பானியப் படையை அது சித்திரிப்பதாகக் கருதப்படுகிறது.

படை வருவதை அறிந்து பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சுவரின் உயரத்தே இருந்த ஒரு பாறைக் குடைவில் ஒளிந்துகொண்டார்கள். படை அவர்களைக் காணாமலேயே கீழே கடந்து சென்றது. முன்பு ஸ்பானியரிடம் அடிமையாக இருந்து மீண்ட மூதாட்டி ஒருத்தி, அடக்கிவைத்த ஆத்திரம் பொறுக்காமல் மேலிருந்து அவர்களை ஏசிக் கூவினாள் என்றும், அதனால் மறைவிடம் வெளிப்பட்டது என்றும் நவஹோ வாய்மொழி வரலாறு கூறுகிறது. சுட்ட குண்டுகள் குடைவின் கூரையில் பட்டுத் தெறித்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றன. நூற்றுப்பதினைந்து பேர் கொல்லப்பட்டதாக நார்போனா அறிக்கை அனுப்பினார். அவர்களுள் 90 பேர் போர்வீரர் என்றும் அதில் எழுதினார். ஆண்கள் அப்போது வேட்டைக்குச் சென்றிருந்தனர் என்பது டினேக்கள் இன்றுவரை சொல்லிவரும் செய்தி. இறந்தவர்கள் யாவர் என்பதில் சுட்டவனின் அறிக்கையும் எஞ்சியவனின் நினைவும் முரண்படுவதைப் படித்தபோது, ஒரு செய்தியாளனாக எனக்கு அது புதிதாகப் படவில்லை. அவ்விடம் இன்று 'படுகொலைக் குகை' என்றே அழைக்கப்படுகிறது.

1846இல் நியூ மெக்சிக்கோவை ஐக்கிய அமெரிக்கப் படை கைப்பற்றியது. மூன்றாண்டுகளின் பின், 1849இல், இராணுவ ஆளுநர் கேர்ணல் ஜோன் வாஷிங்டன் நவஹோ நாட்டுக்குள் படையெடுத்துச் சென்றார். பள்ளத்தாக்கை அடைவதற்கு முன் ஓகஸ்ட் 31ஆம் திகதி நவஹோத் தலைவர்களுடன் சமாதானப் பேச்சு நடந்தது. அவர்களுள் மூத்தவர், எண்பது வயதை எட்டிய முதியவர், அவரும் நார்போனா என்ற பெயராலேயே அறியப்பட்டவர். பேச்சு முடிந்து கலையும் வேளையில், நவஹோ ஒருவர் ஏறியிருந்த குதிரை தன்னிடம் திருடப்பட்டது என்று படையுடன் வந்திருந்த நியூ மெக்சிக்கோவாசி ஒருவன் முறையிட்டான். குதிரையை ஒப்படைக்குமாறு ஆளுநர் உத்தரவிட்டார். நவஹோக்கள் மறுத்து விலகினர். சுடுமாறு கட்டளை பிறந்தது. சமாதானம் பேச வந்த முதியவர் உட்பட ஏழு பேர் மாண்டனர். ஒரு குதிரைக்காக ஒரு சமாதானம் பலியாயிற்று. படையுடன் சென்ற பொறியியலாளர் ஜேம்ஸ் சிம்ப்சனின் நாட்குறிப்பில் இந்நிகழ்வு பதிவாகியிருக்கிறது. பள்ளத்தாக்கைக் கண்டு அவர் வியந்து எழுதிய வருணனைகளும் அதே நூலில்தான் உள்ளன.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இன்னொரு குதிரை. 1861 செப்ரெம்பரில் ஃபோண்ட்லரோய் கோட்டையில் படையினருக்கும் நவஹோக்களுக்கும் இடையே குதிரைப் பந்தயம் நடந்தது. பெருந்தொகைப் பந்தயப் பணமும் பொருளும் வைக்கப்பட்டிருந்தன. பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் நவஹோக் குதிரையின் கடிவாள வார் அறுந்தது. அது கத்தியால் கீறி வைக்கப்பட்டிருந்தது என்றும் பந்தயத்தை மீண்டும் நடத்தவேண்டும் என்றும் நவஹோக்கள் கோரினார்கள். அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தொடர்ந்து எழுந்த கலவரத்தில் துருப்பினர் துப்பாக்கியை உயர்த்தினர். பெண்களும் குழந்தைகளும் உட்படப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர்வரை கொல்லப்பட்டதாக அப்படையில் பணியாற்றிய ஓர் அதிகாரியே பின்னர் சாட்சியமளித்தார்.

மரங்களை வெட்டிய படை

1863இல் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்ற்றன், நவஹோக்கள் அனைவரையும் அவர்களது நாட்டில் இருந்து அகற்றுவதெனத் தீர்மானித்தார். அதனைச் செயற்படுத்த நியமிக்கப்பட்டவர் கேர்ணல் கிற் கார்சன். மேற்குப் பிரதேசத்தின் வீரநாயகனாக மலிவுவிலைக் கதைப்புத்தகங்கள் கொண்டாடிய அதே கார்சன்தான். அவர் கையாண்டது நேரடிப் போர் அல்ல. பயிர்களைக் கொளுத்துவது, கிணறுகளையும் தானியக் குழிகளையும் அழிப்பது, ஆடுகளையும் குதிரைகளையும் கைப்பற்றுவது என்பதே அவரது முறை. பசி அவருக்காகப் போரிட்டது.

1864 ஜனவரியில், கடும் பனிப்பொழிவுக்கு மத்தியில், கார்சன் பள்ளத்தாக்கின் மேற்கு வாயிலில் நின்றுகொள்ள, கப்ரன் அல்பேர்ட் பைஃபரின் அணி கிழக்கில் இருந்து கன்யன் டெல் மூர்த்தோ வழியாக ஊடுருவி வந்தது. எதிர்த்தவர்கள் மேலிருந்து கற்களை உருட்டினார்கள். இருபத்துமூன்று நவஹோக்கள் கொல்லப்பட்டனர் என்று கார்சன் அறிக்கையிட்டார். ஆனால் குளிரிலும் பசியிலும் செத்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகச் சரணடையத் தொடங்கியதே அப்படையெடுப்பின் உண்மையான விளைவு. முந்நூறு பேரளவில் 'கோட்டைப் பாறை' எனப்படும் செங்குத்தான குன்றின் மேல் ஏறி ஒளிந்திருந்தனர் என்றும், இரவில் மனிதச் சங்கிலியாகத் தொங்கி, உறங்கும் சிப்பாய்களின் அருகே ஓடிய ஆற்றில் சுரைக்குடுவைகளால் நீர் மொண்டு உயிர்பிழைத்தனர் என்றும் அவர்களது பேரப்பிள்ளைகள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

அவ்வாண்டு கோடையில் கப்ரன் ஜோன் தொம்சனின் அணி மீண்டும் உள்ளே சென்றது. அப்போது போரிட அங்கு பெரும்பாலும் எவரும் இல்லை. அவர்கள் சென்றது மரங்களுக்காக. காய்த்து நின்ற பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். சோளம் விதைத்து மூன்று மாதத்தில் அறுக்கலாம். ஆடு அழிந்தால் சில ஆண்டுகளில் பெருக்கலாம். மரம் அப்படியல்ல. நட்டவனின் பிள்ளைக்காகவும் நிற்பது அது. ஒரு மக்களின் மரங்களை வெட்டுபவன் அவர்கள் திரும்பிவரக்கூடாது என்று விரும்புகிறான். தலையிழந்த பனைகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

நீண்ட நடை

சரணடைந்தவர்கள் நியூ மெக்சிக்கோவின் கிழக்கே, பெக்கோஸ் ஆற்றங்கரையில் இருந்த பொஸ்கே ரெடொண்டோ என்ற தடுப்பு நிலத்துக்கு 300 மைல்களுக்கும் அப்பால் அணியணியாக நடத்திச் செல்லப்பட்டனர். எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர். பின்தங்கிய முதியோரும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் வழியில் சுடப்பட்டமை பற்றி நவஹோக் குடும்பங்களில் இன்றும் கதைகள் உண்டு. அந்த வெளியேற்றத்துக்கு வரலாற்றில் 'நீண்ட நடை' என்று பெயர். குதிரையின் மேல் வளர்ந்த ஒரு மக்களின் ஆகப் பெரிய துயரம் நடை என்ற சொல்லால் குறிக்கப்படுகிறது.

அங்கே ஆற்றுநீர் உவர்நீர். விறகு இல்லை. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. பங்கீட்டு உணவு போதவில்லை. நான்காண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இறுதியில், செலவு தாங்காத வாஷிங்டன் அரசு 1868 மே மாதம் ஜெனரல் வில்லியம் ஷேர்மனையும் சாமுவேல் ரப்பனையும் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது. மேலும் கிழக்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அவர்களைக் குடியேற்றலாம் என்ற யோசனையை ஷேர்மன் முன்வைத்தார். நவஹோக்களின் பிரதான பேச்சாளர் பார்பொன்சிற்றோ. கன்யன் டி ஷேயில் பிறந்தவர். சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் செல்லமாட்டோம் என்பதே அவரது ஒரே நிலைப்பாடு. ஆயுதம் இல்லை, உணவு இல்லை, நாடு கையில் இல்லை. இருந்தும் அந்த நிலைப்பாட்டில் இருந்து அவர் இறங்கவில்லை.

1868 ஜூன் 1ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தானது. எழுதத் தெரியாத தலைவர்கள் புள்ளடியிட்டனர். அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவை நான் பலமுறை படித்தேன். திரும்பக் கிடைக்கும் நிலத்தின் எல்லைகளைக் கூறும்போது, கன்யன் டி ஷே முழுவதும் அந்த நிலத்துக்குள் அடங்கும் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அத்துடன், கடமையின் பேரில் வரும் அரச அலுவலர் போன்றோரைத் தவிர, அதிகாரமளிக்கப்படாத வெளியார் எவரும் அந்நிலத்தைக் கடக்கவோ, அங்கு குடியேறவோ, வசிக்கவோ ஒருபோதும் விடப்படமாட்டார்கள் என்று ஐக்கிய அமெரிக்கா உறுதியளிக்கிறது. ஜூன் 18ஆம் திகதி மேற்கு நோக்கித் திரும்பிய ஊர்வலம் பத்து மைல் நீளமாக இருந்தது என்பர். ஐக்கிய அமெரிக்காவில் வெளியேற்றப்பட்ட பூர்வகுடிகளுள், தாம் இழந்த அதே தாயகத்துக்கு உடன்படிக்கை மூலம் மீண்டவர்கள் மிகச் சிலர். நவஹோக்கள் அவர்களுள் முதன்மையானவர்கள். திரும்பிவந்தவர்கள் பள்ளத்தாக்கில் மறுபடியும் பீச் மரங்களை வளர்த்தார்கள்.

குதிரை பற்றி ஒரு சட்டம்

1904இல் எட்வேர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர் இங்கு வந்தார். பிரமாண்டமான பாறைச் சுவரின் அடியில் எறும்புகள் போல ஏழு குதிரைக்காரர்கள் வரிசையாகச் செல்லும் அவரது படம் உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு அவர் எடுத்த இன்னொரு படத்தில், நவஹோக் குதிரைக்காரர் சிலர் இருளை நோக்கிப் போகிறார்கள். அதற்கு அவர் 'மறைந்துவரும் இனம்' என்று தலைப்பிட்டார். படத்தில் இருந்தவர்களிடம் அந்தத் தலைப்பைப் பற்றி அவர் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 2021இல் பதிவுசெய்யப்பட்ட நவஹோக்களின் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம்.

இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவிடமாக்கும் எண்ணம் வாஷிங்டனில் எழுந்தபோது நவஹோப் பேரவையின் சம்மதம் கேட்கப்பட்டது. 1930இல் அவர்கள் சம்மதித்தனர். 1931 பெப்ரவரி 14ஆம் திகதி காங்கிரஸ் சட்டமியற்ற, ஏப்ரல் 1ஆம் திகதி ஜனாதிபதி ஹூவர் பிரகடனம் செய்தார். நிலமும் நிலத்தடிக் கனிமங்களும் நவஹோக்களுக்கே உரியவை, அவ்வுரிமை எதுவும் குறைக்கப்படவில்லை என்று அச்சட்டம் கூறுகிறது. அதே சட்டத்தில் இன்னொரு விடயமும் இருக்கிறது. நினைவிடத்துக்கு வருவோருக்குச் சவாரி விலங்குகளை வழங்கும் முன்னுரிமை நவஹோ மக்களுக்கு அளிக்கப்படுகிறது.

இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் என் மருமகனும் ஏறப்போகும் குதிரை ஒரு சட்டத்தின் வாசகத்தில் இருந்து வருகிறது. குதிரையோடு வந்தவர்களால் கொல்லப்பட்டு, ஒரு குதிரைக்காகத் தலைவரை இழந்து, ஒரு குதிரைப் பந்தயத்தில் சுடப்பட்டு, குதிரைகள் பறிக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்டவர்கள், இறுதியில் தம் மண்ணுக்குள் யார் எந்தக் குதிரையில் வரலாம் என்பதில் முதல் உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அத்துடன் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதாக எண்ணவேண்டாம். 1930களில் நிலம் அரிப்புக்குள்ளாகிறது என்று கூறி, பூர்வகுடிகள் விவகார ஆணையாளர் ஜோன் கொல்லியரின் காலத்தில் நவஹோக்களின் ஆடுகளும் குதிரைகளும் கட்டாயமாகக் குறைக்கப்பட்டன. பல மந்தைகள் உரியவர்களின் கண்முன்னே சுட்டுக் குவிக்கப்பட்டன. நல்ல நோக்கத்தோடு வந்த அந்த அதிகாரியை மூத்த நவஹோக்கள் கார்சனுக்கு இணையாக நினைவுகூர்ந்தமைக்கு அதுவே காரணம்.

எங்கள் திட்டம்

இனிப் பயணத்துக்கு வருகிறேன். இதே எண்ணம் உள்ள வாசகர்களுக்கு உதவக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பீனிக்ஸில் இருந்து ச்சின்லிக்கு ஏறத்தாழ 300 மைல்; காரில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். முதல்நாளே சென்று தங்குவது நல்லது. அரிசோனா மாநிலம் கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நாடு மாற்றுகிறது. ஆகவே ஒக்டோபரில் பீனிக்ஸில் எட்டு மணி என்றால் ச்சின்லியில் ஒன்பது. இதை மறந்து, வழிகாட்டியைக் காக்கவைப்போர் உண்டு.

மாரி பெய்யும் யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் திடீர் வெள்ளம் வரும். வசந்தத்தில் பனியுருகி ஆறு பெருகும். ஈரமணலில் குதிரையின் கால் புதையும் இடங்கள் உண்டு. உள்ளூரவர் ஒருவர் முன்னே செல்லவேண்டியதற்கு வரலாறு தவிர்ந்த காரணமும் இதுதான். ஒக்டோபரில் நீர் வற்றியிருக்கும். பருத்திப்பஞ்சு போல விதை பறக்கும் கொட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகப் பழுத்து நிற்கும். ச்சின்லி கடல்மட்டத்தில் இருந்து 5,500 அடி உயரத்தில் இருப்பதால் காலையில் குளிரும். நண்பகலில் வெயில் சுடும். உடையை அடுக்கடுக்காக அணியவேண்டும். தடித்த நீளக்காற்சட்டை, குதியுள்ள சப்பாத்து, காற்றில் பறக்காத தொப்பி, நிறையத் தண்ணீர்.

குதிரை நடைவேகத்தில் மணிக்கு மூன்று நான்கு மைல் செல்லும். வாயிலில் இருந்து ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில் உள்ள 'வெள்ளை வீடு' இடிபாடுவரை சென்று திரும்புவதற்கு நான்கு மணித்தியாலம், இளைப்பாறலுடன் ஐந்து. எண்ணூறடி உயரத்தில் ஒற்றைத் தூணாக நிற்கும் 'சிலந்திப் பாறை' வரை போகவேண்டும் என்பது மருமகனின் ஆசை. நெசவைக் கற்றுத்தந்த சிலந்திப் பாட்டி அதன் உச்சியில் வாழ்கிறாள் என்பது நவஹோ நம்பிக்கை. அது மிகத் தொலைவு. என் இடுப்பின் நிலையை உத்தேசித்து அதை மேலே இருந்து பார்ப்பதென முடிவு செய்துவிட்டோம்.

பள்ளத்தாக்கினுள் இன்றும் நவஹோக் குடும்பங்கள் பயிர்செய்தும் ஆடுமாடு வளர்த்தும் வாழ்கின்றன. ஆதலால் அது ஓர் ஊர். மனிதரையும் வீடுகளையும் கேளாமல் படமெடுக்கக்கூடாது. இடிபாடுகளில் கைவைக்கக்கூடாது. ஓட்டுத் துண்டொன்றைக்கூட எடுத்துவரக்கூடாது. மதுபானத்துக்கு நவஹோ நாடெங்கும் தடை.

சென்ற வாரம் வழிகாட்டியுடன் தொலைபேசியில் பேசினேன். அவர் தன் பெயரைச் சொன்னபின், தாயின் குலம் எது, தந்தையின் குலம் எது என்று வரிசையாகச் சொன்னார். தம்மை அறிமுகம் செய்துகொள்வதில் அதுவே டினேக்களின் மரபு. பிறகு, "நீங்கள் எங்கே இருந்து வருகிறீர்கள், உங்கள் ஆட்கள் யார்?" என்று கேட்டார். எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்ற கேள்வியை யாழ்ப்பாணத்தில் எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். பாலைவனம் ஒன்றின் நடுவில் இருந்து அது வந்தபோது நான் என் ஊரின் பெயரைச் சொன்னேன். தாயின் ஊரையும் சொன்னேன். அது கடலோரமா என்று கேட்டார். ஆம் என்றேன். "சரி, வாருங்கள்" என்றார்.

அன்றிரவு மருமகனை அழைத்து அவனது கேள்விக்கு விடை சொன்னேன். ஊரவன் தன் வீட்டுக்குப் போவதற்கு ஆயுதம் வைத்திருப்பவனிடம் வாங்கிய அனுமதி ஒன்று. வெளியான் ஊருக்குள் வருவதற்கு ஊரவனிடம் கேட்கும் அனுமதி இன்னொன்று. முதலாவது எங்கள் தலையில் சுமத்தப்பட்டது. இரண்டாவதைக் கேட்கும் உரிமைக்காக அந்த மக்கள் நான்காண்டுகள் செத்து மடிந்தார்கள். 1805இலும் 1849இலும் 1864இலும் அங்கு குதிரையில் போனவர்கள் எவரும் அனுமதி கேட்கவில்லை. நாங்கள் கேட்டுவிட்டுப் போவோம் என்றேன்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "மாமா, எங்களுக்கும் அப்பிடி ஒரு காலம் வந்தால், ஊரைப் பாக்க வாறவையிட்டை நாங்கள் என்ன கேப்பம்?" என்றான்.

"எந்த ஊர், ஆருடைய ஆக்கள் எண்டு கேட்டுப்போட்டு, உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லுவம்" என்றேன்.